முதல் வரியில் நான் எழுதிய வார்த்தை

போன மாதம் எர்ணாகுளத்தில் இடப்பள்ளிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு தொடங்குவதற்கு முன்னால், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் தன் போனை என் கையில் கொடுத்து, "மேடம், இதை ஒண்ணு பூர்த்தி பண்ணிப் பாருங்கோ. இப்ப எல்லாரும் இதைத்தான் யூஸ் பண்றா" என்றாள். இருபது கேள்விகள். நமக்கு செக்ஸ் அடிக்‌ஷன் உண்டா இல்லையா என்று கண்டுபிடித்துச் சொல்லுமாம். கல்யாணமான புதிதில் நான் இருந்த நிலைமையை நினைத்துக்கொண்டு உண்மையாகப் பதில் போட்டேன். ‘அபாய நிலை, உடனே உதவி நாடவும்’ என்று சிவப்பில் வந்தது. அறுபத்திரண்டு வயதில், கணவர் காலமாகி ஆறு வருடம் கழித்து, இந்தப் பட்டமும் எனக்குக் கிடைத்துவிட்டது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. சுள்ளிக்கல்லில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பி வந்த வழி முழுக்க எரிச்சல். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அவள் போனில் வைத்திருந்த மடத்தனத்தை ஒரு காலத்தில் நான் பேனாவில் வைத்திருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். தப்பு என்னுடையது, அதை மட்டும் மாற்றவில்லை.

மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் குடியை நிறுத்துவதற்கான பிரிவில் இருபத்தெட்டு வருடம் சமூகப் பணியாளராக இருந்தேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியிடமும் வீட்டாரிடமும் உட்கார்ந்து பேசி, கேட்டதைத் தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இதற்காகச் சென்னையில் இரண்டு வருடம் படித்தேன். படித்ததில் பாதி முதல் வருடத்திலேயே பயனில்லாமல் போனது. மீதிப் பாதியை சூசம்மா டாக்டர் அழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார்.

சூசம்மா டாக்டர்தான் பிரிவின் தலைவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. நான் எழுதிய தாளை வாங்குவார், முதல் வரியை மட்டும் படிப்பார், பிடிக்கவில்லையென்றால் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது ஆரு பறஞ்ஞதா?" என்பார். யார் சொன்னது இது? முதல் வரியில் நோயாளியின் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மனைவி சொன்னது மனைவி பெயரில் கீழே. அண்ணன் சொன்னது அண்ணன் பெயரில் அதற்கும் கீழே. நோயின் பெயரை எழுத எனக்கு உரிமையே கிடையாது. அது அவர் எழுத வேண்டிய கட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. சஞ்சி. முதல் தடவை வரும்போதே வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையையும் ஒரு துணிச்சஞ்சியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். மாத்திரை, அரிஷ்டம், மூட்டுவலித் தைலம், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த தூள், எல்லாம். மேசையில் கொட்டி ஒவ்வொரு குப்பியையும் திறந்து பார்த்து நான் எழுத வேண்டும். ஜனங்கள் முனகுவார்கள். குடிகாரனுக்கு எதற்கு அவன் அம்மாவின் கால்வலித் தைலம் என்று நானும் முனகியிருக்கிறேன்.

இருந்தது குடிப் பிரிவுதான். போன் எல்லார் கைக்கும் வந்த பிறகு, அதே வாசலில் வேறு ஒரு கூட்டம் வரத் தொடங்கியது. எல்லாரும் வரும்போதே பெயரைக் கையோடு கொண்டு வந்தார்கள். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர், இன்னொரு பெண்ணோடு சுற்றியதை மனைவி கண்டுபிடித்த மூன்றாம் நாள் வந்து, "எனக்கு அடிக்‌ஷன்னு ஒரு சர்டிஃபிகேட் வேணும் மேடம். மனசறிஞ்சு செஞ்சதில்லைன்னு அவளுக்குப் புரியணும்" என்றார். இரண்டு போனும் இரண்டு சிம்மும் வைத்து, மனைவி கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, ஒரு வருடம் பிசகாமல் நடத்தியிருக்கிறார். அவ்வளவு கட்டுப்பாடு இருக்கிற மனிதருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று நான் எப்படி எழுதுவது? எழுந்து போங்கள் என்று வாய் வரை வந்தது.

அவர் ஒரு ரகம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எர்ணாகுளத்தில் ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நேர் எதிர் ரகம். வாரத்தில் இரண்டு நாள் போனில் ஆபாசப் படம் பார்ப்பாராம். உடம்பு அழிந்துகொண்டே வருகிறது, சாமி தண்டிக்கப் போகிறது என்று தேம்பித் தேம்பி அழுதார். வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், ஊருக்குப் பணம் அனுப்புகிறார், தூங்குகிறார், சாப்பிடுகிறார். "தம்பி, உங்களுக்கு இருக்கறது பயம். நோய் இல்லை" என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு நான்கு வாரம் ஆனது. தப்பு செய்தவர் நோய் என்று எழுதித் தா என்கிறார். நோயே இல்லாதவர் நோயாளி என்று நினைத்து அழுகிறார். வாரம் முழுக்க இதே பாடு.

உண்மையானது வராமலும் இல்லை. தோப்பும்படியிலிருந்து ஒருவர் வந்தார், வயது நாற்பது. வருடக்கணக்காக நிறுத்தப் பார்த்துத் தோற்றிருக்கிறார். மூன்று வேலை போய்விட்டது. சாப்பாடு, குளியல், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இதற்குப் பின்னால்தான். அவர் சொன்னதை அப்படியே முதல் வரியில் எழுதினேன்: "சுகமே இல்லை மேடம். ஆனாலும் நிறுத்த முடியலை." சூசம்மா டாக்டர் அந்தத் தாளைக் கவிழ்க்கவில்லை. எத்தனை தடவை என்பது விஷயமே இல்லை என்று அன்றைக்கு எனக்கு விளக்கினார். டாக்டர்கள் கையாளும் நோய்ப்பட்டியலில் இதற்கு அடிமைத்தனம் என்று பெயர்கூட வைக்கவில்லை. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை என்றுதான் இருக்கிறது. நிறுத்த முயன்று முயன்று முடியாமல் போக வேண்டும், அது மாதக்கணக்கில் நீள வேண்டும், வாழ்க்கை அதனால் சிதைய வேண்டும். பாவம் செய்துவிட்டோம் என்ற குறுகுறுப்பு மட்டும் போதாது. அப்புறம் கடைசியாக, வேறொரு நோயோ மருந்தோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். தலையாட்டியதோடு சரி.

அதற்கு அடுத்த வருடம் ராமநாதன் வந்தார்.

ஐம்பத்தேழு வயது. ஜூ டவுனில் ஒரு மிளகு குடோனில் மேற்பார்வை. மூட்டையிலிருந்து ஒரு கை மிளகை அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லுபவர். மனைவி கோமதியும் கூட வந்திருந்தாள். பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம், எங்களைப் போலவே. கோமதியை நவராத்திரிக் கொலுவில் பார்த்திருக்கிறேன். ஒரே மகள் வித்யாவுக்கு வரன் பேசி முடித்திருந்தார்கள்.

"நீங்க நம்ம மனுஷா, அதனால உள்ளதைச் சொல்றேன்" என்று கோமதி தொடங்கினாள். "இவருக்கு அடிக்‌ஷன். இருபத்தெட்டு வருஷம் தலை நிமிர்ந்து ஒரு பொம்மனாட்டியைப் பாத்தவரில்லை. இப்ப ராத்திரி பகல்னு இல்லை, போன்ல அந்தக் கண்றாவிதான். என்னையும் விடறதில்லை. நான் மோள் ரூம்ல தாழ்ப்பாள் போட்டுண்டு படுக்கறேன். குடோன்ல மூட்டை தைக்கற ஒரு சேச்சிக்கு அசிங்கமா மெசேஜ் அனுப்பி, அவா ஓனர்ட்ட சொல்லிட்டா. ஊரே பேசறது. மாப்பிள்ளைப் பையனோட அப்பா காதுக்கும் போயாச்சு."

ராமநாதனைப் பார்த்தேன். முகத்தில் ஓர் அசைவு இல்லை. வலது கையை இடது கக்கத்துக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவ சொல்றது சரிதான்" என்றார், தரையைப் பார்த்து. கூச்சத்தில் ஒடுங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அதையே எழுதியும் வைத்தேன்.

இப்போதுதான் என் தப்பு. சஞ்சியைக் கேட்க வேண்டும். நம் ஆள், கொலுவுக்குப் போய்வந்த வீடு, ஏற்கெனவே மானம் போய் உட்கார்ந்திருக்கிறார், இதில் குப்பியையெல்லாம் வேறு கொட்டச் சொல்லி எதற்கு அவமானப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். "மாத்திரை ஏதாவது சாப்பிடறேளா?" என்று வாயால் கேட்டேன். "விட்டமின் மட்டும்தான் மேடம்" என்றார். மருந்து இல்லை என்று எழுதினேன். சூசம்மா டாக்டர் அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். முதல் வரியில் நானே எழுதினேன்: பாலியல் அடிமைத்தனம்.

ஆறு வாரம் பாடம் நடத்தினேன். போனைப் பிடுங்கி கோமதியிடம் கொடுக்கச் சொன்னேன். மனசை அடக்கும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தினமும் நோட்டில் எழுதுவது. எதற்கும் மசியவில்லை. கடைவீதியில் புது போன் வாங்கி ஒளித்து வைத்தார். நான்காவது வாரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "மனசு வைக்கணும் ராமநாதன். மோள் கல்யாணத்தை நினைச்சாவது மனசு வைக்க வேண்டாமா?" என்று அந்த மனிதரை அதட்டினேன்.

ஏழாவது வாரம் சூசம்மா டாக்டர் திரும்பி வந்தார். முதல் வரியைப் படித்தார். தாள் கவிழ்ந்தது.

"இது ஆரு பறஞ்ஞதா?"

"அவர் மனைவி, டாக்டர். அவரும் ஒத்துக்கொண்டார்."

"சஞ்சி எவிடே?"

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை, ராமநாதனை உள்ளே கூப்பிட்டார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். பதினான்கு மாதம் என்றார். ஐம்பத்தாறு வருடம் இல்லாமல் இருந்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஏன் வந்தது, அதற்கு முன்னால் என்ன மாறியது என்று கேட்டார். ஆறு வாரத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. ராமநாதன் வலது கையைக் கக்கத்துக்குள் இன்னும் இறுக்கினார். "ரெண்டு கையும் மேசப்புறத்து வைக்கூ" என்றார். இடது கை வந்தது. டாக்டர் மற்றக் கைக்கும் மேசையில் இடம் காட்டினார். கடைசியில் வலது கை கக்கத்திலிருந்து வெளியே வந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மிளகை உருட்டிப் பார்ப்பதுபோல் உருட்டிக்கொண்டே இருந்தன. விரல்களுக்கு நடுவில் மிளகு இல்லை.

நடுக்குவாதம். ஒன்றரை வருடமாக. மட்டாஞ்சேரியில் எவர் கண்ணிலும் படக்கூடாதென்று இரண்டு பஸ் மாறிப் போய், ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். வாங்கிய மாத்திரையை வழியிலேயே பிரித்து விட்டமின் குப்பிக்குள் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாராம். கை நடுங்கினால் குடோன் வேலை போகும் என்பது ஒன்று. "நரம்பு நோவுள்ள குடும்பம்னு தெரிஞ்சா வித்யாவை யாரு எடுப்பா மேடம்?" என்பது இன்னொன்று. அந்த டாக்டர் மனைவியைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார், இவர் கூட்டிப் போகவில்லை. புதிதாக ஏதாவது பழக்கம் வந்தால் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். "சூதாட்டம், அது இதுன்னு என்னமோ சொன்னார். இதை நான் எந்த வாயால போய்ச் சொல்றது?" என்றார் ராமநாதன்.

அந்த வகை மாத்திரைகளில் சில, சிலருக்கு, இந்த ஆசையைக் கட்டுக்கடங்காமல் கிளப்பிவிடும். எல்லாருக்கும் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தித் தொலைக்க வேண்டாம், அது இன்னும் ஆபத்து. சூசம்மா டாக்டர் அங்கேயே போனில் நரம்பு டாக்டரைப் பிடித்துப் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்த ஆசை தண்ணீர் வற்றுவதுபோல் வற்றிவிட்டது. நடுக்கம் கூடியது. ஒரு நாள் ராமநாதன் என் எதிரில் உட்கார்ந்து, "நான் உள்ளுக்குள்ள இவ்வளவு மோசமானவனா இத்தனை நாள் இருந்திருக்கேனேன்னு நெனச்சுண்டேன் மேடம்" என்று சொல்லி அழுதார். ஆறு வாரம் அவரை அப்படி நினைக்க வைத்தவள் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

அவரையும் ஒரு மன்னிப்புக் கேட்க வைத்தார் சூசம்மா டாக்டர். காரணம் மருந்துதான், ஆனால் மூட்டை தைக்கும் அந்தப் பெண்ணுக்குப் போன மெசேஜ் போனதுதான், அவள் பயந்தது பயந்ததுதான் என்றார். ராமநாதன் குடோன் உரிமையாளரின் முன்னிலையில் அவளிடம் கேட்டார். வேலையையும் விட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கோமதியைக் கூப்பிட்டு விளக்கினோம். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப அடிக்‌ஷன்னே இருக்கட்டும் மேடம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பையனோட அப்பாட்ட அப்படித்தான் சொல்லியாச்சு. போன் வந்த வினை, சிகிச்சை எடுத்துக்கறார், மாறிடும்னு. அவாளும் சரின்னுட்டா. கல்யாணம் முடியற வரைக்கும் இவர் பாலக்காட்டுல தம்பி ஆத்துல இருக்கட்டும்னு பேச்சு. இப்பப் போய் நடுக்குவாதம்னு சொன்னா அவ்வளவுதான். தப்புன்னா அது அவரோட போகும். நோவுன்னா ரத்தத்துல இருக்குன்னு சொல்லுவா, வித்யா தலைல வந்து விடியும்."

நான் கத்தினேன். ஒரு மனிதர் செய்யாத கேட்டைச் சுமந்துகொண்டு மகள் கல்யாணத்துக்கே போகாமல் இருப்பதா, பெரும்பாலும் இது அப்படிக் குடும்பத்தில் தொடர்வதும் இல்லையே என்று என்னென்னவோ சொன்னேன். ராமநாதன் என்னைத் தடுத்தார். "அவ சொல்றது சரிதான்" என்றார். முதல் நாள் சொன்ன அதே மூன்று வார்த்தை. சூசம்மா டாக்டர் எங்கள் தாளில் உண்மையைத்தான் எழுதினார். ஆனால் அதை ஊரில் போய்ப் படித்துக் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை. நோயாளியின் தாள் நோயாளிக்கு. நான் முதல் வரியில் எழுதிய வார்த்தையை டாக்டர் அடித்துவிட்டார். அதையே ராமநாதன் தன் பெயராக வாங்கி ஊருக்குள் கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அவர் இல்லை. கன்னிகாதானம் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் செய்து கொடுத்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், ஒரு காலை நேரம், வித்யா கைக்குழந்தையோடு வந்தாள். பின்னால் ராமநாதன், சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து. சூசம்மா டாக்டர் அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

"மேடம், அம்மா போன வாரந்தான் எல்லாம் பறைஞ்சா" என்றாள் வித்யா. "எங்க மாமியார் அப்பாவைக் குழந்தையைத் தொட விடறதில்லை. பொண் குழந்தை, அவர்ட்ட குடுக்காதேங்கறா. போன தடவை அப்பா வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிட்டார். எனக்கு டாக்டர் எழுதின அந்தக் கடலாஸ் வேணும். எல்லார் முன்னாடியும் வாசிக்கணும்."

"வேண்டாம்மா" என்றார் ராமநாதன். குரல் கம்மிப் போயிருந்தது. "இப்ப நோவுன்னு சொன்னா குழந்தைக்கும் ரத்தம்னு சொல்லுவா."

"சொல்லட்டும். அது என்னோட ரத்தம். நான் பாத்துக்கறேன். ஒப்பு போடுங்கோ அப்பா."

பிரதி கேட்டு நான் நீட்டிய விண்ணப்பத்தை அவர் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுதி முடிக்க அவருக்கு ஆன நேரத்தில் எனக்கு நூறு தரம் எழுந்துபோய் எழுதிக் கொடுக்கலாம் போலிருந்தது. ஆவணப் பிரிவுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த கிளார்க் பழைய பதிவை எடுத்தான், இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான்.

"ஒப்பு சேருந்நில்லல்லோ மேடம்."

கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பழையது நல்ல பெரிய எழுத்து. புதியது எறும்பு ஊர்ந்த மாதிரி, எழுத எழுதச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசி எழுத்து ஒரு புள்ளியாக நின்றிருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. "சேராததுதான்டா அவர் நோய். அதுக்குத்தான் அந்தக் கடலாஸே. உள்ளே திறந்து வாசி" என்றேன். அவன் வாசித்தான். ராமநாதனின் விரல்ரேகையை வாங்கி, சாட்சிக்கு என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, பிரதி எடுத்துக் கொடுத்தான்.

தாளை உறையில் போட வித்யாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழந்தையை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தலையைத் திருப்பி, அனுமதி கேட்பவர்போல, என்னைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறேள்? பிடிச்சுக்கோங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.